சட்டைப் பையிலிருந்த காந்தம்

பேசிக்கொண்டே இருக்கும்போது என் குரல் திடீரென்று கம்மிப்போகும். அரை நிமிஷம் கரகரவென்று ஓடிவிட்டுத் தானாகத் தெளிந்துவிடும். சில நிமிஷம் கழித்து மறுபடி அதே கதை. புதிதாகப் பார்க்கிறவர்கள் சளி என்று நினைத்துக்கொண்டு சுக்கு, மிளகு, திப்பிலி என்று ஆரம்பித்துவிடுவார்கள். சளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இடது பக்கம் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு பேட்டரி மெஷினை வைத்துத் தைத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு கம்பி உள்ளுக்குள்ளேயே கழுத்துக்கு ஏறி, அங்கே ஓடும் பெரிய நரம்பு ஒன்றைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மெஷின் அந்த நரம்பை விட்டுவிட்டுத் தட்டும். அந்தத் தட்டல் மூளைக்குப் போய் வலிப்பை அடக்கி வைக்கும். குரல்வளையும் அதே நரம்பின் கிளையில்தான் இருக்கிறதாம். அதனால் மெஷின் தட்டுகிற நேரமெல்லாம் நான் தவளை.

மருந்துக்கு அடங்காத வலிப்பு எனக்கு. மாத்திரை மாற்றாத வருஷம் இல்லை. காலையில் ஒரு கை, ராத்திரி ஒரு கை என்று விழுங்கியும், அது பாட்டுக்கு வரும், போகும். பள்ளிக்கூடத்துப் பிராயத்தில் ஆரம்பித்தது. இப்போது நாற்பதைத் தொட்டுவிட்டேன். வருவதற்குச் சற்று முன்னால் நாக்கில் செம்புக்காசு வைத்த மாதிரி ஒரு ருசி தெரியும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடப்பதை ஊரே பார்க்கும், எனக்கு மட்டும் தெரியாது.

கண் விழித்தால் கையில் ஏதாவது ஓர் இரும்பு இருக்கும். வலிப்பு வந்தால் இரும்பைக் கொடு என்பது எங்கள் பக்கம் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த வைத்தியம். பள்ளிக்கூடத்தில் விழுந்தால் ஹெட்மாஸ்டர் அறைச் சாவிக்கொத்து. களத்தில் விழுந்தால் கருக்கரிவாள். ஒருமுறை மன்னார்குடி பஸ்ஸில் விழுந்து எழுந்து பார்த்தால், டிரைவர் சீட்டுக்கு அடியில் கிடந்த ஜாக்கிக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வலிப்பு தானாக வந்து தானாக நிற்கும். நல்ல பெயர் மட்டும் இரும்புக்குப் போகும். எனக்குக் கோபம் கோபமாக வரும். ஆனால் சுற்றிலும் அத்தனை முகங்கள் கவலையோடு குனிந்து பார்க்கும்போது யாரை என்ன சொல்வது?

அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நட்டு, அறுத்து, எங்களை வளர்த்தவர்கள். அப்பாவின் கடைசிக் காலத்தில்தான் எங்கள் பெயரில் ஒரு பட்டா வந்தது. வெண்ணாற்றிலிருந்து பிரியும் வாய்க்காலை ஒட்டி ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம். பெரிய மிராசு ஒன்றும் இல்லை. ஆனால் பட்டா வந்த அன்று அப்பா அந்த வயல் வரப்பைச் சும்மா சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே இருந்தாராம். அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லையாம்.

தம்பி படித்து, தஞ்சாவூரில் பள்ளி ஆசிரியராகி அங்கேயே குடும்பத்தோடு இருக்கிறான். நானும் படித்தேன். பி.காம். போன வேலையிலெல்லாம் ஒரு தடவை விழுவேன். மறுநாள் எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேச ஆரம்பிப்பார்கள், அதற்கடுத்த வாரம் நான் வீட்டில் இருப்பேன். கல்யாணப் பேச்சும் அப்படித்தான், வாசல் வரை வந்து திரும்பிவிடும். அப்பா போன பிறகு, நான்தான் நிலத்தைக் கையில் எடுத்தேன். எடுத்த பிறகு தெரிந்தது, எனக்கு இந்த வேலை வரும். நாற்று எந்தப் பக்கம் மஞ்சள் தட்டுகிறது, எந்த மூலையில் தண்ணீர் நிற்காது, எந்த வியாபாரி ஈரப்பதம் என்று சொல்லி ஏமாற்றுகிறான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இதில் தற்பெருமை என்ன இருக்கிறது? என் நெல் வந்து சொல்லட்டும்.

ஆனால் நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும். வலிப்புக்காரிக்குத் தண்ணீர்தான் எமன். ஆறு, குளம் எல்லாம் வேண்டாம், கணுக்கால் தண்ணீரில் குப்புற விழுந்தாலே போதும். அதனால் நான் வரப்பில் கால் வைத்தால் அம்மா பின்னாலேயே வருவாள். அம்மாவால் முடியாத நாளில் பக்கத்து வீட்டுச் சின்னம்மா வருவார். அவர்தான் நடவுக்கு ஆட்களைக் கூட்டிவருகிறவர். இந்த ஏற்பாடு தம்பிக்குச் சரிப்படவில்லை. வாரம் ஒரு போன்.

"அக்கா, குத்தகைக்கு விட்டுடலாம்க்கா. வர்றத வச்சு நீயும் அம்மாவும் இங்க வந்து எங்களோட இருங்க. நீ தண்ணியில நிக்கிறேன்னு நெனச்சாலே எனக்குக் கிளாஸ்ல பாடம் ஓட மாட்டேங்குது."

"அங்க வந்து நான் என்னடா பண்றது? உன் வீட்டு பால்கனியில ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊத்துறதா?"

அவன் சொல்வதில் நியாயம் இருந்தது என்பதுதான் எனக்கு எரிச்சல். அதனால்தான் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டேன். கழுத்தை அறுக்கிறார்களாம், கம்பி வைக்கிறார்களாம் என்று அம்மா அழுதபோது, "வயல்ல எறங்கக் கூடாதுன்னா எனக்குக் கழுத்து எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டேன். தம்பியிடமும் ஒரு பேச்சு பேசிக்கொண்டேன். மெஷின் வைத்து ஒரு போகம் பார்ப்போம். வயலில் எனக்கு வலிப்பு அடங்கினால் நிலம் என்னிடம். அடங்காவிட்டால் குத்தகைக்கு விட நானே கையெழுத்துப் போடுகிறேன். சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை.

சம்பா அறுவடை முடிந்த தை மாதத்தில் ஆபரேஷன் நடந்தது. எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா முதலிலேயே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். "இது வலிப்பை அடியோட எடுத்துடும்னு நான் சொல்ல மாட்டேன். குறைக்கும். அதுவும் மெதுவாத்தான். மாத்திரையும் தொடர்ந்து சாப்பிடணும்." எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அதனால்தான். இரண்டு வாரம் கழித்து மெஷினை முடுக்கினார்கள். மாதா மாதம் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். முதல் நாள் தொண்டைக்குள் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது.

மெஷினோடு கைக்கடிகாரம் மாதிரி பட்டை வைத்த காந்தம் ஒன்றும் கொடுத்தார்கள். வலிப்பு வரும் அறிகுறி தெரிந்தாலும், வந்துவிட்டாலும், அந்தக் காந்தத்தை மெஷின்மேல் ஒரு தடவை இழுத்தால் போதும். மெஷின் உடனே கூடுதலாக ஒரு தட்டு தட்டும். வருகிற வலிப்பு நிற்கலாம், வந்தது சீக்கிரம் விடலாம். நானே இழுக்கலாம், பக்கத்தில் இருப்பவர்களும் இழுக்கலாம். "ஆனா நெஞ்சுமேலயே வச்சிருக்காதீங்க. அங்கேயே இருந்துச்சுன்னா மெஷின் வேலை செய்யாது" என்றும் நர்ஸ் சொன்னார். நான், அம்மா, தம்பி மூவரும் தலையாட்டினோம். யாருக்கும் காதில் விழாமல் போகவில்லை.

காந்தத்தைப் பார்த்து ஊரில் ஒரே கொண்டாட்டம். சின்னம்மா அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். தன் இடுப்புச் சாவியில் ஒட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார்.

"இரும்பு குடுத்தா நிக்கும்னு நாங்க சொன்னப்ப என்னா பேச்சு பேசுன! இப்ப பாரு, டாக்டரே கையில இரும்பக் குடுத்து அனுப்பிருக்காங்க."

"சின்னம்மா, இது கையில குடுக்குறதுக்கு இல்ல. நெஞ்சுல இழுக்கணும்."

"எல்லாம் ஒண்ணுதான் போ."

இரண்டும் ஒன்று இல்லை. முதல் தடவை வீட்டு வாசலில் விழுந்தபோது காந்தத்தை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி, மேலே துணியைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள். எழுந்ததும் தலைவலியோடு கத்தினேன் பாருங்கள்! பிறகு நடவுப் பெண்கள் எல்லோரையும் வரப்பில் வரிசையாக உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். ஒவ்வொருத்தியும் வந்து என் நெஞ்சின்மேல் காந்தத்தை இழுத்துக் காட்ட வேண்டும். இழுத்தால் என் குரல் கம்மும். கம்மினால் பாஸ். ஒருத்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, "ரேடியோ திருப்புற மாதிரி இருக்குக்கா" என்று மூன்று தடவை இழுத்துவிட்டாள். தொண்டை அடைத்துக்கொண்டு அவளைத் திட்டக்கூட முடியவில்லை.

சித்திரை, வைகாசிக்குள் வித்தியாசம் தெரிந்தது. அடிக்கடி வந்துகொண்டிருந்தது தள்ளித் தள்ளிப் போயிற்று. வந்தாலும் சீக்கிரம் விட்டது. தம்பிகூட வாரம் ஒரு போனை நிறுத்தி, எப்போதாவது பேசினான். ஆனியில் மேட்டூர்த் தண்ணீர் வந்து குறுவை நடவு ஆரம்பித்தது. எங்கள் பக்கம் பெண்கள் வயலில் இறங்கும்போது புடவைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை போட்டுக்கொள்வோம். வெயிலுக்கும் பயிரின் சுணை அரிப்புக்கும் அதுதான் காப்பு. எனக்குத் தம்பியின் காலேஜ் சட்டை. அவன் அப்போது ஒல்லி, எனக்கு அது பிடிப்பாக இருக்கும்.

காந்தத்தைக் கையில் கட்டிக்கொண்டுதான் கிளம்பினேன். அம்மா தடுத்தாள்.

"சேத்துல விழுந்துச்சுன்னா எங்கேருந்து தேடுறது? பாக்கெட்டுல போடு. ஒனக்கு வந்தா எடுக்குறவங்களுக்கும் எங்க இருக்குன்னு தெரியும்ல."

சொன்னதோடு விடவில்லை. அவளே பையில் போட்டு, குனிந்தால் விழுந்துவிடக் கூடாது என்று, பையை உள்ளே இருந்த ரவிக்கையோடு சேர்த்து ஊக்குப் போட்டுக் கெட்டியாக மாட்டிவிட்டாள். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. அன்றிலிருந்து வயலுக்கென்றால் சட்டை, சட்டையென்றால் பை, பையில் காந்தம்.

நடவு அன்றே விழுந்தேன். நல்லவேளை, வரப்பில். அடுத்த வாரம் இன்னொன்று. பெண்கள் ஊக்கைக் கழற்றி, காந்தத்தை எடுத்து, சொல்லிக்கொடுத்தபடி இழுத்திருக்கிறார்கள். மூன்றாவது தடவை களை எடுக்கிற சமயம். நான் நடு வயலில் நின்றிருந்தேன். நாக்கில் அந்தச் செம்புக்காசு ருசி தெரிந்ததும் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனேன். ஊக்கு வரவில்லை. அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது சின்னம்மா என் வாய்க்குள் விரலை விட்டுச் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். குப்புறக் கிடந்தேனாம். அவர் திரும்பிப் பார்க்காமல் இன்னும் கொஞ்சம் களை பிடுங்கியிருந்தால், இதை எழுத நான் இல்லை.

அன்றைக்கே தம்பி லீவு போட்டுவிட்டு வந்தான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

"வீட்டுல இருக்கறப்ப எத்தன வந்துச்சுக்கா?"

"ரொம்ப இல்ல."

"வயல்ல?"

அம்மா வாய்க்கால் தலைப்பில் யாரோ எப்போதோ தூக்குப் போட்டுக்கொண்டதைச் சொல்லி, காத்துக் கறுப்பு என்று ஆரம்பித்தாள். தம்பி வெயில் என்றான். தண்ணீர் மினுமினுப்பு கண்ணில் படுவது என்றான். எதுவாக இருந்தால் என்ன, வயலுக்குப் போனால் வருகிறது. கணக்கு அவன் பக்கம் நின்றது.

"மெஷின் வேலை செய்யுதுக்கா. வயலுக்குத்தான் அது பத்தல. பக்கத்து ஊர்ல ஒருத்தர்கிட்ட பேசியிருக்கேன், நல்ல மனுஷன். குறுவை அறுவடை முடிஞ்சதும் அவர் எடுத்துக்குவாரு."

"சரி" என்றேன். சொன்ன சொல். அவன் போன பிறகு கொல்லைப்புறம் போய் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். வலிப்பு வந்து அத்தனை வருஷத்தில் நான் அப்படி அழுததில்லை. அப்பா வாங்கிய நிலம், நான் பக்குவப்படுத்திய மண், என் உடம்பு வேண்டாம் என்று சொல்லி இன்னொருத்தருக்குப் போகிறது. யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

ஆனாலும் குறுவை அறுவடை வரைக்கும் பயிர் என்னுடையதுதானே. கதிர் வெளியே வருமுன் பொதி கட்டுகிற பருவம். தண்ணீர் தவறினால் பதராகிவிடும். ஒருநாள் காலை சின்னம்மாவோடு போய்ப் பார்த்தால், வயல் வறண்டு கிடக்கிறது. என் மடையை யாரோ மண் போட்டு அடைத்து, தண்ணீரைக் கீழே திருப்பியிருக்கிறார்கள். கீழ் வயல்காரர் வரப்பில் நின்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி வானத்தைப் பார்க்கிறார். ஊர் முறைக்கு எனக்கு மாமா.

"மாமா, என் மடைய யாரு அடைச்சது?"

"எனக்கென்னம்மா தெரியும்? எலி கிலி தள்ளிருக்கும்."

"எலி மம்முட்டிய எடுத்துட்டு வந்து வெட்டி அடைச்சுதா? காலு தடம்கூட செருப்புப் போட்ட எலி மாதிரில்ல தெரியுது!"

"இந்தா, வார்த்தைய அளந்து பேசு. பொம்பளப் புள்ள, உடம்பு சரியில்லாத புள்ளன்னு பாக்குறேன்."

அந்த வார்த்தை போதாதா எனக்கு? பிடித்துக்கொண்டேன். போன வருஷம் என் வரப்பை அவர் ஒரு சாண் வெட்டிச் சேர்த்துக்கொண்டதிலிருந்து தொடங்கி, என் அப்பா இருந்தபோது அவர் வைக்கோல் வாங்கிப் போனது வரை எல்லாவற்றையும் எடுத்து வெளியே போட்டேன். ரோட்டில் போன பால்காரர் வண்டியை நிறுத்தி இறங்கினார். மேல் வயலில் மருந்து அடித்துக்கொண்டிருந்தவர் பம்பை அணைத்துவிட்டுக் கேட்டார். மாமா இரண்டு தடவை துண்டை உதறித் தோளில் போட்டுக் கிளம்பப் பார்த்தார், நான் விடவில்லை. கடைசியில் அவரே மண்வெட்டியை எடுத்து மடையைத் திறந்துவிட்டார். தண்ணீர் பாய்ந்து வயல் நடு வரைக்கும் ஏறும்வரை நான் பேசிக்கொண்டேதான் இருந்தேன். சின்னம்மா வழியெல்லாம், "யம்மாடி! என்னா தொண்ட! வயக்காத்து பட்டா ஒனக்குக் கொரலு கணீர்னு ஆயிடுது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். அம்மாவுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டுமே! எலி, செருப்புக் கால் தடம் எல்லாம் சொல்லி, மாமா துண்டை உதறிய இடத்துக்கு வந்தபோது குரல் கம்மிவிட்டது. நல்ல இடத்தில் வந்து கெடுத்தது. அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நல்லவேள, அங்க வச்சுக் கம்மல. சண்டைக்கு நடுவுல இப்படிக் கம்மியிருந்தா ஒன் மானம் போயிருக்கும்."

நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டேன்.

ஏன் கம்மவில்லை? மெஷின் என் கோபத்தைப் பார்த்து ஒதுங்குமா என்ன? அது சில நிமிஷத்துக்கு ஒருமுறை தட்ட வேண்டும். நான் போட்ட சண்டைக்கு நாலைந்து தடவையாவது கம்மியிருக்க வேண்டும். ஒரு தடவைகூட இல்லை. யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு மட்டும் இல்லை. வயலில் நின்று ஆட்களை அதட்டும்போது எனக்குக் குரல் கம்மியதே இல்லை. எல்லோரும் வயல் காற்று, வயல் காற்று என்றார்கள். நானும் அதில் மயங்கிப்போயிருந்தேன்.

கொடியில் கிடந்த சட்டையைப் பார்த்தேன். இடது பக்கப் பை, உள்ளே காந்தத்தின் கனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் குப்பென்று வியர்த்தது.

"அம்மா, இங்க வா. வயலுக்குப் போறப்ப மாட்டுற மாதிரியே மாட்டி விடு. ஊக்கும் போடு."

சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று உரக்க வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தேன். அம்மாவுக்குப் பயம், மூளைக்கு ஏறிவிட்டது என்று. "பேசாம கேளும்மா" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் வாய்ப்பாட்டிலிருந்து பதினாறாம் வாய்ப்பாடு வரை போனேன். குரல் மணி மாதிரி இருந்தது. சட்டையைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். நாலாம் வாய்ப்பாட்டில் கம்மிவிட்டது.

நெஞ்சுமேல் வைக்காதீர்கள் என்று நர்ஸ் சொன்னது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நெஞ்சுமேல் என்றால் தாயத்து மாதிரி கட்டுவது, பிளாஸ்திரி போட்டு ஒட்டுவது என்று நினைத்திருந்தோம். பை என்பது பைதானே! பிறந்ததிலிருந்து பையில்லாத ரவிக்கை போட்ட எனக்கும் அம்மாவுக்கும், ஆம்பிளைச் சட்டையின் பை மெஷினுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது என்று உறைக்கவே இல்லை. வீட்டில் காந்தம் ஆணியில் தொங்கும், மெஷின் ஓடும். வயலுக்குப் போனால் பைக்குள் ஏறும், மெஷின் நிற்கும். தண்ணீரில் நிற்கிற நேரமாகப் பார்த்து என் காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டு இறங்கியிருக்கிறேன்.

அம்மாவுக்குப் புரிந்தபோது அவள் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. "நானே ஊக்குப் போட்டு மாட்டி விட்டேனே, நானே மாட்டி விட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. சேற்றில் குப்புறக் கிடந்தது ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாகச் சந்தோஷம் வந்து கோபத்தை இடித்துத் தள்ளிவிட்டது. வயலிலும் ஒன்றும் இல்லை, வெயிலிலும் ஒன்றும் இல்லை, வாய்க்கால் தலைப்பில் தூக்குப் போட்டுக்கொண்ட பாவப்பட்டவரும் என்னை ஒன்றும் செய்யவில்லை! அம்மாவைக் கட்டிக்கொண்டு, "அழுவாதம்மா, நெலம் தப்பிச்சுச்சு" என்றேன்.

மறுநாள் சட்டையையும் எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனோம். அங்கேயும் போட்டுக் காட்டினேன். அவர் பையைத் தொட்டுப் பார்த்து, ஊக்கையும் பார்த்தார்.

"வயல்ல இருந்த நேரம் முழுக்க மெஷின் நின்னுதான் இருந்திருக்கு. வீட்டுல நல்லா இருக்கு, வெளியில வருதுன்னு நீங்க போன தடவை சொன்னப்பவே நான் துருவிக் கேட்டிருக்கணும். இனிமே எல்லார்கிட்டயும் என்ன சட்டை போடுறீங்கன்னு கேக்கணும் போலருக்கு."

காந்தத்தை வலது கையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். வலிப்பு இனிமேல் வராது என்று நினைத்துவிடக் கூடாது, ஆள் இல்லாமல் தண்ணீரில் இறங்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். "ஆள் இருந்தா எறங்கலாம்ல?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

தம்பிதான் மசியவில்லை. போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"புரியுதுக்கா. ஆனா இது நீ சொல்ற காரணம். சரியாயிடுச்சுன்னு எப்படி நம்புறது? உன்னச் சேத்துலேருந்து தூக்குனாங்கன்னு சின்னம்மா சொன்னது இன்னும் என் காதுல கேக்குது."

"இன்னொரு போகம் குடு. தாளடி நட்டுப் பாப்போம். அதுலயும் விழுந்தேன்னா நான் வாயே தொறக்க மாட்டேன்."

"அவர்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன்க்கா."

"தாளடி நடவு வரைக்கும் பொறுக்கச் சொல்லு."

அரை மனதோடு ஒத்துக்கொண்டான். குறுவை அறுத்தோம். ஐப்பசியில், நச நசவென்று மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரத்தில், தாளடி நடவு வைத்தேன். நடவின் முதல் நாள் மத்தியானமே வருவதாகத் தம்பி சொல்லியிருந்தான். குத்தகைக்காரருக்கு அன்று பதில் சொல்ல வேண்டும்.

வலது கையில் காந்தம். பையில் ஒன்றும் இல்லை, பையையே பிரித்து எடுத்துவிட்டிருந்தேன். சின்னம்மாவும் பெண்களும் வரிசை பிடித்துக் குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். நான் நாற்றுமுடிகளை எடுத்து அவர்கள் நடும் இடத்துக்கு வீசிக்கொண்டிருந்தேன். தண்ணீர் கணுக்காலுக்கு மேலே. ஒரு நாற்றுமுடியைக் கையில் எடுத்தபோது நாக்கில் செம்புக்காசு.

பயந்தேன். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்றைக்கா, இப்போதா, நடு வயலிலா? நாற்றைப் போட்டுவிட்டு வலது கையை நெஞ்சின்மேல் இழுத்தேன். தொண்டையை யாரோ உள்ளிருந்து பிடித்த மாதிரி மெஷின் தட்டியது. அப்படியே நாலு எட்டு நடந்து வரப்பில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் புல்லைப் பிடித்துக்கொண்டேன். பெண்களின் பேச்சுச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போயிற்று. இடது கை விரல்கள் தாமாகத் துடித்தன. அவை துடிப்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு துடிப்பு நின்றது. மழைச் சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தம் பக்கத்தில் வந்தது. யாரோ ஒருத்தி மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தாள், முதலில் கேட்ட அதே மாமியார் கதைதான், அது இன்னும் முடியக்கூட இல்லை. ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நாத்து எங்க? தூங்கிட்டியா அங்க?" என்று சின்னம்மா குனிந்தபடியே குரல் கொடுத்தார்.

"வருது, வருது! பறக்காதீங்க!" என்று கரகரக் குரலில் கத்திவிட்டு எழுந்தேன்.

மத்தியானம் தம்பி குடையோடு வரப்பில் வந்து நின்றான். செருப்பைக் கையில் பிடித்திருந்தான். என்னை மேலும் கீழும் பார்த்தான். மறைக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. மறைக்கவில்லை.

"காலையில வந்துச்சுடா."

அவன் முகம் செத்துப்போயிற்று. "எங்க? யாரு தூக்குனா?"

"யாரும் தூக்கல. நானே இழுத்துக்கிட்டேன். போய்க் கரையில உக்காந்தேன். போயிடுச்சு. எந்திரிச்சு வந்து நாத்து வீசுனேன்."

அவன் நம்பாமல் சின்னம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டான். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "எப்ப? வரவே இல்லியே! வந்திருந்தா எங்களுக்குத் தெரியாதா?"

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப யாருதான் பாத்தா?"

"நான் பாத்தேன்டா" என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே அது உறைத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் எனக்கு வந்த ஒன்றை நான் முழுசாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவன் குடையை மடக்கினான். எதற்கு மடக்கினான் என்று தெரியவில்லை, மழை நிற்கவில்லை. கொஞ்ச நேரம் நனைந்துகொண்டே நின்றான். பிறகு போனை எடுத்து, சட்டையில் துடைத்து, நம்பரைப் போட்டான். குத்தகைக்காரர் எடுத்தார் போல.

"வணக்கங்க. மன்னிச்சுக்குங்க, நெலம் குத்தகைக்கு இல்லீங்க." அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். தம்பி என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இல்லீங்க, வேற யாருக்கும் குடுக்கல. எங்க அக்காவே பண்றாங்க."